மருந்தின்றி மீன்களின் வெண்புள்ளி நோயைப் போக்கும் முறை

தொட்டிகளில் அலங்கார மீன் வளர்க்கும் தொழில் சென்னைக் கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல குடும்பங்களுக்கு ஜீவனமாக இருந்து வருகிறது. கிணற்று நீரும் சிறிது காலி நிலமும் உடைய விவசாயிகளும் இதனை உபதொழிலாகக் கைக்கொள்ளலாம். பொன்மீன், கப்பி, மாலி முதலிய இம்மீன்களுக்கு உண்டாகும் வியாதிகளில் மிகச் சாதாரணமானது வெண்புள்ளி நோய். கவனியாது விட்டால் சில நாட்களிலேயே தொட்டி முழுவதையும் இது அழித்துவிடக் கூடும். மருந்து வாங்காமலே இதற்குப் பரிகாரம் உண்டு. ஆனால் கிருமியின் வாழ்க்கை முறையை அறியாதவர்க்கு அப்பரிகாரம் பலிப்பது அரிது.

நோயின் குறிகள்

மீனின் உடலிலும் செதில்களிலும் துடுப்புகளிலும் உப்புத் தூளைத் தூவினாற் போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, தொட்டியின் சுவரிலும் கல்லிலும் உடலை உராயும். கிருமி செவுள்களைத் தாக்கினால் மீன் மூச்சுவிட இயலாமல் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். இனப்பெருக்க காலத்தில் ஆண் பொன்மீனின் செவுள்மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் இயற்கையாகவே வெண்மையான முட்கள் போன்ற புள்ளிகள் எழுவதுண்டு. அவை நோயல்ல.

கிருமியின் வாழ்க்கை

இக்கிருமியை 1876-ஆம் வருஷத்தில் ஃபூக்கே என்னும் அறிஞர் விவரித்து, இக்தியோஃப்திரியஸ் மல்ட்டிஃபிலியிஸ் எனப் பெயரிட்டார். பல மக்களைப் பெற்ற மீன்பேன் என்பது அதன் பொருள். பெயருக்கேற்றதே அதன் செய்கையும். மீனின் மேற்றோலுக்கு அடியில் தங்கி, சில நாட்களில் ஒரு மில்லிமீட்டர் வரை பருக்கிறது. பின்பு மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு அமைத்துக்கொள்ளுகிறது. அக்கூட்டினுள் பல நூறு குஞ்சுகளாகப் பிரிந்து வெளியேறி நீந்துகிறது. அக்குஞ்சுகள் சுமார் இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனை அடையாவிடில் இறந்துபோகும்.

தோலுக்கடியில் உள்ள கிருமியையும் கூட்டினுள் உள்ளதையும் சாதாரண மருந்துகள் எட்டுவதில்லை. நீந்தும் குஞ்சுகளையே அவை கொல்லுகின்றன. ஆகையால் மருந்திட்டாலும் இடாவிட்டாலும், போர் நடக்க வேண்டிய இடம் மீனின் உடலன்று, தொட்டியின் நீரும் அடித்தளமுமே.

பரிகார முறைகள்

முதலாவது, தொட்டி மாற்றும் முறை. மணல், கல், செடி எதுவும் இல்லாத இரண்டு தொட்டிகள் வேண்டும. காலையும் மாலையும் மீன்களை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி, காலியானதை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரமின்றி உலர்த்த வேண்டும். விழுந்த கிருமிகள் குஞ்சு பொரிக்குமுன் அழிந்துபோகும். புதிய நீர் பழைய நீரின் உஷ்ணத்திலேயே இருத்தல் அவசியம். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து உபயோகிக்க வேண்டும்.

இரண்டாவது, உஷ்ண முறை. கண்ணாடித் தொட்டிகளில் ஹீட்டர் கொண்டு, நாளொன்றுக்கு 2 டிகிரிக்கு மேற்படாமல் உயர்த்தி, நீரை 30 டிகிரி சென்டிகிரேடில், அதாவது 86 டிகிரி பாரன்ஹீட்டில், 10 நாட்கள் வைக்க வேண்டும். இவ்வுஷ்ணத்தில் கிருமி விரைவாக மீனை விட்டு விழுவதுடன் அதன் பெருக்கமும் தடைப்படுகிறது. ஆனால் சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். ஆதலால் ஏர் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். பொன்மீன் குளிர்ந்த நீருக்குரியதாகையால் அதற்கு முதல் முறையே மேலானது. உஷ்ண முறையைக் கைக்கொள்ளுவோரும் ரப்பர் குழாயால் அடிக்கசடை நாள்தோறும் உறிஞ்சி எடுத்து, அந்த அளவுக்குப் புதுநீர் ஊற்ற வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ புள்ளிகள் மறைந்துவிடும். நோய் தீர்ந்ததென்று பலர் அத்துடன் நிறுத்திவிடுவர். பெருநஷ்டம் விளைவது இங்கேதான். புள்ளி மறைந்ததன் பொருள், கிருமி மீனை விட்டுக் கூடு கட்டப் போயிற்று என்பதே. கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டவன் பெறும் பலனையே இவரும் பெறுவர். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் பரிகாரத்தைத் தொடர வேண்டும்.

நோய் வராமல் காத்தல்

புதிதாக வாங்கிய மீன்களை மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். வலையும் வாளியும் ஒவ்வொரு தொட்டிக்கும் தனியாயிருத்தல் நலம். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிரால் நீரின் உஷ்ணம் திடீரெனக் குறையும்போது மீன்கள் பலங்குன்றி நோய்க்கு இடங்கொடுக்குமாதலால், அக்காலத்தில் அதிக ஜாக்கிரதை தேவை.

இக்கிருமி கட்லா, ரோகு முதலிய உணவு மீன்களையும் பற்றும். ஆகையால் நோயுற்ற தொட்டியின் நீரையும் செத்த மீன்களையும் ஏரி, குளம், வாய்க்கால்களில் விடலாகாது. நீரை வறண்ட நிலத்தில் ஊற்றி, மீன்களைப் புதைக்க வேண்டும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது பொதுக்குளங்களுக்கும், அவற்றில் மீன் பிடித்துப் பிழைப்பவர்களுக்கும் பாதுகாப்பாகும்.