வாங்கில் அமர்ந்த ஆச்சிமார்

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுவதெனின் இலக்கியம் பற்றியே எழுதுதல் வழக்கம். இம்முறை அவ்வழக்கினின்றும் சற்றே விலகி, ஆபிரிக்கக் கண்டத்துச் சிம்பாப்வே நாட்டிலே உளநோய் வைத்தியத்தில் நிகழ்ந்த ஒரு புதுமையை எடுத்துரைக்க விரும்புகின்றோம். ஆயினும் அப்புதுமையின் உயிர்நிலை ஒரு சொல்லிலே தங்கியிருத்தலின், அஃது எமது துறைக்கு முற்றும் புறம்பானதன்று.

2005ஆம் ஆண்டிலே சிம்பாப்வே அரசாங்கம் நகர்ப்புறக் குடிசைகளையும் தெருவோரக் கடைகளையும் இடித்தகற்றியது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தோர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் என ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டிலே அப்பொழுதிருந்த உளநோய் வைத்தியர் பன்னிருவர் அளவினரே. அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபண்டா என்பார். அவரிடம் வைத்தியம் பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி, வரவேண்டிய தவணைக்கு வராது, தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். ஏன் அழைத்து வரவில்லை என்று தாயை வினாவியபோது, பஸ் கட்டணத்துக்குரிய 15 டொலர் கையில் இல்லை என்பதே விடையாயிற்று.

அவ்விடை வைத்தியரை உலுக்கியது. நோயாளர் வைத்தியசாலைக்கு வருவார் என்று காத்திருத்தல் பயனற்றது, வைத்தியமே அவர்தம் தெருவுக்குச் செல்லல் வேண்டும் எனத் துணிந்தார். தலைநகராகிய ஹராரேயிலே, உழைப்பாளர் நெருங்கி வாழும் எம்பாரே என்னும் பகுதியைத் தெரிந்தெடுத்தார். ஆனால் அங்குள்ள நகரசபை மருந்தகத்தில் அவருக்கு ஒதுக்கத்தக்க அறையும் இல்லை, தாதியரும் இல்லை. கிடைத்தவை இரண்டே: சுகாதாரத் தொண்டராய் வீடுவீடாகச் சென்றுவந்த மூதாட்டியர் பதினால்வர், மருந்தகத்துக்கு வெளியே கிடந்த வெற்றுநிலம். 2006இல் அந்நிலத்திலே மரவாங்கு ஒன்று இடப்பட்டது. மூதாட்டியர் அதில் அமர்ந்தனர்.

முதலில் எவரும் வந்திலர். மனநல வாங்கு என்று அதற்குப் பெயரிட்டிருந்தமையே காரணம். ஊரார் காண அத்தகைய பெயருடைய வாங்கில் யார்தான் சென்று அமர்வார்? இக்குறையைக் கண்டு சொன்னவர்கள் அம்மூதாட்டியரே. அவர்கள் தம் சோனா மொழியிலே வேறொரு பெயர் கூறினர். ஒருவர்க்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் ஆசனம் என்பது அதன் பொருள். பின்னர் அது நட்பு வாங்கு என உலகறியப் பெயர் பெற்றது. கற்ற வைத்தியர் தாம் வைத்த பெயரைக் கைவிட்டு, கல்லாதார் எனப் பலரும் எண்ணக்கூடிய பாட்டியர் கூறிய பெயரை ஏற்றுக்கொண்டாரே, அதனையே நாம் தலைமைக் குணம் என்போம்.

நோயின் பெயரும் அவ்வாறே மாறியது. மனச்சோர்வு என்பதற்கு வைத்திய நூலார் வழங்கும் சொல்லை அவர்கள் ஆளவில்லை. சோனா மக்கள் தம் துயரைக் குஃபுங்கிசீசா என்பர். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்பது அதன் கருத்து. இதனை வாசிக்கும் எம்மவர்க்கு வியப்புத் தோன்றாமற் போகாது. கணவனை இழந்தவளைப் பார்த்து, “கனக்க யோசியாதை பிள்ளை” என்று எங்கள் ஊர் ஆச்சிமாரும் சொல்வதன்றோ? “ஒரே யோசினை, நித்திரை இல்லை” என்று வருபவரிடம் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கினால் அவர் மேலும் பேசுவார். வேற்றுமொழிப் பெயரொன்றைச் சூட்டினால் வாய்மூடிப் போவார்.

வாங்கிலே நடப்பது வெறும் ஆறுதற் பேச்சன்று. பதினான்கு வினாக்கள் முதலிற் கேட்கப்படும். இவ்வினாத்தாள் 1990களில் விக்ரம் பட்டேல் என்னும் இந்திய வைத்தியரும் அவர்தம் துணைவரும் சோனா மக்களின் சொல்வழக்கைக் கேட்டறிந்து ஆக்கியது. அதன்பின் மனத்தைத் திறத்தல், தூக்கிவிடுதல், வலுப்படுத்தல் என மூன்று படிகள் உண்டு. வந்தவர் தம் தொல்லைகளையெல்லாம் சொல்லி முடிக்க, அவற்றுள் ஒன்றை மாத்திரம் அவரே தெரிந்தெடுப்பார். கடனா, குடிகாரக் கணவனா, பிள்ளையின் பள்ளிக் கட்டணமா? அவ்வொன்றுக்கு இவ்வாரத்திலேயே செய்யக்கூடிய வழி யாதென்று இருவரும் ஆராய்வர். வழியைப் பாட்டி சொல்லிக்கொடுத்தல் ஆகாது; வந்தவர் வாயிலிருந்தே அது பிறத்தல் வேண்டும். புத்திமதி கூறியே பழகிய எம்போன்ற ஆசிரியர்க்கு இவ்விதி எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறுமுறை இவ்வாறு சந்திப்பர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ கடும் சித்தப்பிரமையோ காணப்படின், பாட்டி தானே தாங்க முயலாது மேலிடத்துக்கு உடனே அறிவிப்பாள்.

படியாத பாட்டியரால் உளநோய் தணியுமா என்று ஐயுறுவார்க்கு விடையும் உண்டு. ஹராரேயில் 24 மருந்தகங்களிலே 573 பேரைக் கொண்டு நடாத்திய ஆய்வு 2016இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. ஆறு மாதத்தின் பின், வழமையான கவனிப்பைச் சற்றுத் திருத்திய வடிவிற் பெற்றவருள் 49.9 வீதத்தினரிடம் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. வாங்கில் அமர்ந்தவரிடமோ அது 13.7 வீதமே.

எமது வடபுலத்திலும் இத்தகைய முயற்சி நடந்ததை மறத்தலாகாது. போர்க்காலத்திலே யாழ்ப்பாணத்து உளநோய் வைத்தியர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தோரும், வைத்தியர் போதாமையை உணர்ந்து, ஆசிரியர்க்கும் கிராமத்துத் தொண்டர்க்கும் உளவளப் பயிற்சி அளித்தனர். எமது மாணவருள் வைத்தியராக வருவோர் சிலர், ஆசிரியராகவும் அலுவலராகவும் வருவோர் பலர். பின்னவர்க்கும் இத்துறையில் வேலை உண்டென்பதை இவை காட்டுகின்றன. பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் வகுப்பறையின் கடைசி வரிசையைப் பார்த்தவர்க்கு அவ்வேலை எங்கே தொடங்குகின்றதென்பதும் விளங்கும்.

நட்பு வாங்கு இன்று மலாவியிலும் சன்சிபாரிலும் இடப்பட்டுள்ளது. நியூயோர்க் நகரத் தெருவுக்கும் சென்றது. ஹராரேயிலே தம் தவணைகளை முடித்துக்கொண்ட பெண்கள் கைகோத்திருப்போர் என்னும் பொருள்படும் பெயருடைய வட்டமொன்றில் சேர்கின்றனர். வட்டமாக இருந்து, கழித்தெறிந்த பிளாஸ்டிக்கை இழையாக்கிப் பைகள் பின்னி விற்பர். கை பின்ன, வாய் பேசும். பழைய துயரோடு வந்தவள் புதிதாய் வந்தவளுக்கு இழைபோடக் காட்டிக்கொடுப்பாள்.