சூளைக்குள் போகும் முன்

பீங்கானில் ஒரு ஃபியூஸ் கேரியர் செய்ய வேண்டும். சுட்டு எடுத்தபின் அதன் நீளம் 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காயும்போதும் சூளையில் வேகும்போதும் மண் 12 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். அச்சை எந்த அளவில் வெட்டுவது? 112 என்றுதான் யாருக்கும் சட்டென்று தோன்றும். ஆனால் அந்த 12 சதவீதம் கழிவது அச்சின் அளவிலிருந்து. 112-இல் அது போனால் மிஞ்சுவது 98.56. ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் குறைவதால் கேரியர் அதன் கட்டையில் இறுக்கமாக உட்காராது. வெட்ட வேண்டிய அளவு 113.6.

இந்தத் தப்பு சூளைக்கு முன்பே தெரிந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. காய்ந்த பச்சை மண்ணைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி கூழாகிவிடும். சூளையில் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது கதை மாறுகிறது. களிமண்ணிலுள்ள கயோலினைட், தன் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீரை இழந்துவிடுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது குழையாது. 1000 டிகிரியைத் தாண்டி மேலே போகப் போக ஊசி ஊசியாக மல்லைட் படிகங்கள் வளர்கின்றன. ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை நிரப்புகிறது. பீங்கானின் உறுதி இப்படித்தான் பிறக்கிறது. கணக்கில் தப்பு இருந்தால் அதுவும் கூடவே இறுகிப்போகிறது.

மாணவர்களின் தொழில் எண்ணங்களுக்கும் இப்படி ஒரு பச்சைப் பருவம் உண்டு. கடன் வாங்கி, இடம் பிடித்து, இயந்திரம் இறக்குவதற்கு முந்தைய அந்தச் சில மாதங்களில்தான் கல்லூரிப் போட்டிகளும் வழிகாட்டிகளும் பெரிய வேலை செய்ய முடியும்.

தொடங்குகிறவர்களுக்கு இப்படிக் கைகொடுப்பதை விருத்தாசலம் தன் வழியில் முன்பே செய்திருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் களிமண், ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனம், சிறு தொழில்களுக்கான பீங்கான் தொழிற்பேட்டை. சொந்தச் சூளை கட்ட வசதியில்லாதவர்கள் பொதுச் சூளையில் கட்டணம் கட்டிச் சுட்டு எடுத்தார்கள். அகல் விளக்கும் பொம்மையும் மின்சாதனப் பாகங்களும் அப்படித்தான் இங்கிருந்து சந்தைக்குப் போயின. பல்கலைக்கழகங்கள் இன்று இன்குபேட்டர் என்று நடத்துவதன் சாரம் இதுவே: ஒருவரால் தனியாக வாங்க முடியாத கருவியும், அதைக் கையாண்டு பழகியவரின் கண்ணும்.

தொழில் திட்டங்களுக்கான போட்டி என்ற வடிவம் 1984-இல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் வேர்விட்டது. இங்கே, தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் பொறியியல் மாணவர்களுக்கு நிரல் திருவிழா என்ற போட்டி நடக்கிறது. நிறுவனமாகப் பதிந்தவர்களில் தேர்வாகிறவர்களுக்கு அரசின் டான்சீட் திட்டம் மூலம் 10 லட்சம் ரூபாய் அளவில் ஆதார நிதி கிடைக்கிறது. நல்ல தொகைதான். ஆனால் இதில் பணத்தைவிட மதிப்புள்ளது வழிகாட்டிகள் கேட்கும் கேள்வி என்பது என் கருத்து.

'நூறு வைத்தால் எத்தனை தேறும்?' என்பது அப்படி ஒரு கேள்வி. மாணவர் ஒரு பொருளுக்குப் பத்து ரூபாய் அடக்கம் என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டுக்கு விற்கலாம் என்று திட்டம் எழுதியிருப்பார். நூற்றில் இருபது விரிசல் விட்டோ வளைந்தோ போனால், ஆயிரம் ரூபாய்ச் செலவை எண்பது பொருள்தான் சுமக்க வேண்டும். அடக்கம் பன்னிரண்டரை ஆகிவிட்டது. விற்கும் ஒவ்வொன்றிலும் ஐம்பது காசு கையை விட்டுப் போகிறது. பாடப்புத்தகம் சுருக்கத்தைச் சொல்லும், கழிவைச் சொல்லித்தர சூளையடியில் நின்றவர் வேண்டும்.

சில சமயம் கேள்வி, தொழிலையே மாற்றிவிடும். சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் மின் ஸ்கூட்டர்களுக்கு நல்ல பேட்டரி செய்யலாம் என்றுதான் இறங்கினார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, சந்தையிலிருந்த வண்டிகளின் வடிவமைப்பே சரியில்லை என்று தெரிந்தது. ஸ்கூட்டரையே செய்வதென்று முடிவெடுத்து 2013-இல் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஐஐடியின் தொழில் வளர்ப்பு மையம் ஆரம்ப நாட்களில் இடமும் துணையும் தந்தது. அவர்கள் வண்டி சாலைக்கு வந்தது 2018-இல். அந்த ஐந்து ஆண்டுப் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு நிழல் தேவைப்பட்டிருக்கிறது.

போட்டியில் தோற்றவர்களுக்கும் பலன் உண்டு. அமெரிக்கப் போட்டிகளை ஆராய்ந்த நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சப்ரினா ஹோவெல், தாங்கள் பின்தங்கியதை நடுவர்கள் மூலம் அறிந்த அணிகள் அந்த முயற்சியைக் கைவிடுவது அதிகம் என்று கண்டார். இதை நான் நல்ல செய்தியாகவே படிக்கிறேன். தேறாத எண்ணத்தை இருபது வயதில், கடன் ஏறும் முன் விட்டுவிட்டவர் அடுத்ததைத் தொடங்கலாம்.

ஆகவே விருத்தாசலத்தில் பீங்கான் மாணவர்களுக்கு ஒரு போட்டி நடக்குமானால், மேடையில் தரும் காசோலையோடு சூளையில் இடமும் பரிசாகத் தர வேண்டும். முதல் சுற்றில் சுட்டதை உடைத்துப் பார்த்து, அளந்து, அச்சைத் திருத்தி, மறுபடி வார்த்துச் சுட இரண்டாம் சுற்று. இடையில் தொழிற்பேட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் புரட்ட வேண்டும். முதலிடம் பெற்ற அணியைவிட, நூலிழையில் தவறிய இரண்டாம், மூன்றாம் அணிகளுக்குத்தான் அந்த இரண்டாம் சுற்று அதிகம் தேவைப்படும்.