கொல்லைப்புறத்தில் தைப்பட்டம்

வெளிநாட்டு நாட்காட்டிகளில் மார்ச் மாதத்திற்குரிய படம் பெரும்பாலும் வசந்தகாலத்துப் பூக்களாகவே இருக்கும். நம் புதுவையிலோ மார்ச் என்பது மாசியின் கடைசியும் பங்குனியின் தொடக்கமுமாகும். இலக்கணம் அதனைப் பின்பனிக் காலம் என்கிறது. நண்பகல் வெயில் அதனை ஒப்புக்கொள்வதில்லை. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்த முன்னோர், கத்திரி வெயிலில் வெண்டைச் செடி வளர்த்துப் பார்த்திரார் போலும்!

காய்கறித் தோட்டத்தைப் பொறுத்தவரை நமது வசந்தம் தை மாதத்திலேயே பிறந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 130 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மழை ஓய்ந்ததும் மண்ணில் ஈரம், காலையில் பனி, பகலில் இதமான வெயில். வெண்டை, புடல், பாகல், சுரை அனைத்திற்கும் ஏற்ற பருவம் இதுவே. ஆடிப்பட்டத்திற்குப் பழமொழி உண்டு. தைப்பட்டத்திற்கு அத்தகைய புகழ் இல்லை. எனினும் நகரத்துக் கொல்லைகளுக்குத் தைப்பட்டமே கைகொடுப்பது என்பது என் அனுபவம். ஆடியில் விதைத்தவை காய்த்துக்கொண்டிருக்கும்போதே ஐப்பசி மழை வந்துவிடுகிறதே!

சென்ற பட்டம் எங்களுக்கு அவ்வாறே முடிந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை. ஒரு சென்ட்டுக்கும் குறைவான எங்கள் கொல்லையில் இரண்டு நாள் முழங்காலளவு நீர் நின்றது. அவரைப் பந்தல் சரிந்தது. தந்தையார் நட்ட முருங்கை வேரோடு சாய்ந்தது. கிறிஸ்துமசுக்குப் பாரிசிலிருந்து வந்த தம்பி இக்கோலத்தைக் கண்டு, “அக்கா, அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? சிமெண்ட் தளம் போட்டுவிடுங்கள், பணம் நான் அனுப்புகிறேன்” என்றான். அவன் சொன்னதில் தவறொன்றுமில்லை. நானும் இசைந்தேன். அம்மா மட்டும், “ஒரு பட்டம் பார்த்துவிட்டுச் செய்யலாமே, தம்பி” என்றார்கள்.

புயல் ஒரு நன்மையையும் விட்டுச்சென்றிருந்தது. கடலோர மண்ணில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழ்துளைக் குழாய்களால் நல்ல நீரை மிகுதியாக இறைத்தால், கீழுள்ள உப்பு மேலேறிவிடும். எங்கள் கிணறு சில ஆண்டுகளாகக் கரிக்கத் தொடங்கியிருந்தது. அந்நீரைக் குடித்த பீன்ஸ் இலை கருகி மடிய, பீட்ரூட்டோ பொருட்படுத்தாமல் வளர்ந்தது. உப்பைத் தாங்குவதில் பயிருக்குப் பயிர் அத்துணை வேறுபாடு! இம்முறை கிணற்றைச் சுத்தம் செய்து, குளோரின் தூள் இட்டு இறைத்து, சில நாள் கழித்துச் சுவைத்துப் பார்த்தால், உப்பின் சுவடே இல்லை.

தண்ணீர் தேங்கிய அனுபவத்தால் இம்முறை பாத்திகளை ஒரு சாண் உயரத்திற்கு மேடாக அமைத்தோம். சாய்ந்த முருங்கையிலிருந்து வெட்டிய போத்து ஒன்றினை நட்டு, நுனியில் சாணம் அப்பினோம். பொங்கல் கழிந்த ஆறாம் நாள் வெண்டையும் கொடிகளும் ஊன்றினோம். மார்கழியிலேயே அம்மா பழைய தகரத் தட்டில் விட்டிருந்த கத்திரி நாற்றுகள், தைப் பாதியில் பாத்திக்கு வந்தன. தண்டுக்கீரை இருபத்தைந்தாம் நாளே குழம்புக்கு வந்துவிட்டது. முதல் வெண்டைகள் மார்ச் 5 அன்று, சரியாகத் திருநீற்றுப் புதனன்று, சமையலுக்குக் கிடைத்தன. ஒரு சந்தி நாளில் அவ்வளவு சுவையான சாம்பார் உண்ணலாமா என்று பிள்ளைகள் கேலி செய்தனர்.

எல்லாம் சீராக நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். வெண்டையில் மூன்று செடிகளுக்கு இலை நரம்புகள் மஞ்சளாயின. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் இது. வந்த செடிக்கு மருந்தில்லை. நான் தயங்கினேன், அம்மா பிடுங்கி எரித்துவிட்டார்கள். மற்றச் செடிகளுக்கு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்பு நீர் கலந்து மாலையில் தெளித்தோம். ஐயம் எழுந்தால் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம்.

இச்சிறு பாத்தியில் கத்திரி நம் நாட்டுக்கு உரியது எனலாம். வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்தும், மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் கப்பலேறி வந்தவை. பறங்கிக்காய் தன் பெயரிலேயே வந்த வழியைச் சொல்லிவிடுகிறது. 1826-இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த நமது தாவரவியல் பூங்காவும் இத்தகைய வரவுகளின் நினைவுச் சின்னமே. அங்குப் பணியாற்றிய பெரோத்தே என்னும் தாவர அறிஞர் 1870-இல் இவ்வூரிலேயே காலமானார்.

இதனை எழுதும் பங்குனி நடுவில் கத்திரி காய்க்கத் தொடங்கியுள்ளது. முருங்கைப் போத்து நான்கு இடங்களில் துளிர்த்துள்ளது. புடல் பந்தலின் கீழ் நாற்காலியிட்டு அமர்கிற அளவுக்கு நிழல். சென்ற ஞாயிறு தம்பி தொலைபேசியில் அழைத்தான். தன் வீட்டு மாடத்தில் தக்காளி விதைத்துச் சன்னலுக்குள் வைத்திருக்கிறானாம். மே 11, 12, 13 தேதிகளில் வரும் ‘பனிப் புனிதர்’ மாமெர்த்துஸ், பங்கிராஸ், செர்வாசியுஸ் திருநாள்கள் கழியுமுன் வெளியே வைத்தால் உறைபனி கொன்றுவிடும் என்று அண்டை வீட்டு மூதாட்டி எச்சரித்தாராம். அவன் தக்காளி வெளியே வரும்போது இங்கே அக்கினி நட்சத்திரம் எங்கள் கொடிகளைக் காய்த்துக்கொண்டிருக்கும்.

பேச்சினிடையே, “கொத்தனாரிடம் சொல்லியாயிற்றா, அக்கா?” என்று கேட்டான். அம்மா பேசியை வாங்கிக்கொண்டார்கள். சுரைக்கொடியில் முதலில் பிடித்த காய்க்குச் சிவப்புத் துணி கட்டி, விதைக்கென விட்டிருப்பதாகவும், ஆடியில் அவன் விடுமுறைக்கு வருவதற்குள் அது குடுக்கையாக உலர்ந்துவிடும் என்றும் கூறினார்கள். “நீ வந்து உன் கையாலேயே உடைத்து விதை எடு. சிமெண்ட் பேச்சை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.”