பொது வாய்க்காலும் தனி மடையும்

கூடலூர் வயல்களுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பொது வாய்க்காலில் வருகிறது. மடை அவரவருக்குத் தனி. ஒருவருடைய வயல் மேடாக இருக்கிறது என்பதற்காக வாய்க்காலின் குறுக்கே மண் அணை போட்டால் கடைமடை காய்ந்துவிடும். பலர் கூடி எழுதிப் பேணும் திறந்த மூல மென்பொருளிலும் இதே வழக்கு எழுகிறது. ஓர் இடத்துக்கு மட்டும் தேவையான மாற்றத்தைப் பொது நிரலில் சேர்க்கலாமா?

நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். ‘கெ’ என்று தட்டினால் கணிப்பொறி முதலில் ‘க’வையும், அடுத்து ஒற்றைக் கொம்பையும் நினைவில் வைக்கிறது. திரையிலோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். ‘கொ’வில் கொம்பு ஒரு புறம், கால் மறுபுறம். இவ்வாறு எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் திறந்த மூல நிரல்தான் ஹார்ஃப்பஸ். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் ஆகியவை இதைப் பயன்படுத்துகின்றன.

இதில் தமிழுக்கென்று தனி இயந்திரம் கிடையாது. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் முதலியவற்றுடன் தமிழும் ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்கிறது. புள்ளிக் குறியின் எண் எது என்பன போன்ற வேறுபாடுகள் ஓர் அட்டவணையில் மொழிக்கு ஒரு வரியாக அடங்கிவிடுகின்றன. விதிக்கு விலக்கும் உண்டு. யூனிகோடு முறைப்படி ‘ஔ’வை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் இங்கே பிரிக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அதனால் பிற மொழிகளுக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

மக்கின்டாஷ், விண்டோஸ் ஆகியவற்றின் சொந்த எழுத்தமைப்பு ஏற்பாடுகளோடு இணைக்கும் நிரல்கள் வேறு வகை. அவை தனிக் கோப்புகளில் உள்ளன. வேண்டுவோர் மட்டும் தொகுக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். இவையே தனி மடைகள்.

‘நம் மாற்றத்தை நாமே தனியாக வைத்துக்கொண்டால் என்ன?’ என்று கேட்கலாம். பொது நிரலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதை மீண்டும் ஒட்டுப்போட வேண்டும். ஒருமுறை தவறினாலும் கைப்பேசியில் தமிழ் சிதையும். மறுபுறம், சேர்த்துக்கொண்டால் தமிழ் படிக்கத் தெரியாதவரும் அதைப் பேண வேண்டியிருக்கும். அவர் எங்கோ ஒரு வரியைத் திருத்தும்போது நம் கொம்பு இடம் மாறினால் அவருக்கு எப்படித் தெரியும்? இதற்காகவே தமிழ்ச் சொற்களைக் கொண்ட சோதனைகளும் நிரலுடன் வைக்கப்பட்டுள்ளன.

ஆகவே மூன்று கேள்விகள் போதும். வேறுபாட்டை அட்டவணையில் அடக்க முடியுமா? முடியாவிட்டால் தனிக் கோப்பில் ஒதுக்க முடியுமா? அது பழுதானால் பிறரும் கண்டுபிடிக்கச் சோதனை உண்டா? மூன்றாவதற்கு ‘ஆம்’ என்று சொல்ல முடியாதவரை, பொது வாய்க்காலில் கை வைக்காமலிருப்பதே நல்லது.