வேலை கிடைத்தது, பிறகு?

1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில் லீவை ஸ்ட்ரோஸ் நிறுவனத்தின் தையல் தொழிற்சாலை ஒன்றை மூடும் அறிவித்தல் வந்தது. வேலைகள் கொஸ்ரா றிக்கா நாட்டுக்குப் போயின. வேலை இழந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலானோர் மெக்சிக்க வம்சாவழிப் பெண்கள்.

அந்நகரின் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து 1974இல் எழுந்த ‘கொப்ஸ்’ என்ற மக்கள் அமைப்பும், பல சபைகளைச் சேர்ந்த ‘மெற்றோ அலையன்ஸ்’ என்ற கூட்டமைப்பும் வீடு வீடாகக் கூட்டங்கள் வைத்து மக்களின் பேச்சைக் கேட்டன. அரசாங்கப் பயிற்சிக்குப் போனோம், சான்றிதழும் தந்தார்கள், ஆனால் சீவிக்கக்கூடிய வேலை இல்லை என்பதே திரும்பத் திரும்ப வந்த முறைப்பாடு.

அக்காலத்தில் அரசாங்கப் பயிற்சிகள் 1982ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிப் பங்காண்மைச் சட்டத்தின் கீழ் நடந்தன. பெரும்பாலும் சில மாதப் பயிற்சிகள். எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்தனர், பயிற்சி முடிந்து 13 வாரங்களின் பின் எத்தனை பேர் வேலையில் இருக்கின்றனர், சம்பளம் என்ன என்பவற்றைக் கொண்டு உள்ளூர் அலுவலகங்கள் அளக்கப்பட்டன. கூடுதலாகச் சாதித்த அலுவலகத்துக்கு ஊக்கப்பணமும் உண்டு. விளைவை ஊகிப்பது கடினமல்ல. எப்படியும் வேலை தேடிக்கொள்ளக்கூடியவர்களைத் தெரிந்தெடுத்தால் கணக்கு அழகாக வரும். எழுத வாசிக்கச் சிரமப்படும் தாய்க்கு இடம் கொடுத்தால் கணக்கு கெடும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வருமானம் ஆக வீழ்ந்திருக்கும் வேளையிலேயே மனிதர் பயிற்சிக்கு வருகின்றனர் என்பதைப் பொருளியலாளர் ஓர்லி அஷன்ஃபெல்ரர் 1978இல் எடுத்துக்காட்டினார். காய்ச்சல் உச்சத்தில் நிற்கும் நாளில் வைத்தியரிடம் போகிறோம். மூன்று நாளில் குறைகிறது. மருந்து குறைத்ததா, தானாகக் குறைந்ததா? முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால் எந்தப் பயிற்சியும் வெற்றியாகவே தெரியும். நமது தையல் வகுப்புகளின் ஆண்டறிக்கைகளும் பெரும்பாலும் இப்படித்தான்: பயின்றோர் இத்தனை, தொழில் பெற்றோர் இத்தனை. இடமில்லை என்று திருப்பி அனுப்பிய பிள்ளைகள் இன்று என்ன செய்கின்றனர் என்று நாம் எழுதுவதில்லை.

அமெரிக்கத் தொழில் திணைக்களம் அதைத்தான் தேடிப் பார்த்தது. 1987 தொடக்கம் 1989 வரை, 16 இடங்களில், தகுதியுள்ள ஏறக்குறைய 20,000 விண்ணப்பதாரரைச் சீட்டுக் குலுக்கி, மூவரில் இருவருக்கு அனுமதி வழங்கி, ஒருவரை ஒதுக்கிவைத்தனர். ஒதுக்கப்பட்டவர் வேறு இடத்தில் பயிற்சி தேடத் தடையில்லை. பலர் தேடியும் கொண்டனர். ஆயினும் தேவையுள்ளவரைத் திருப்பி அனுப்புவதா என்று கேட்டு, அணுகப்பட்ட பெரும்பாலான இடங்கள் ஆய்வில் சேர மறுத்துவிட்டன. அந்தத் தயக்கத்தை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. இடம் போதாதபோது, அறிமுகமும் சிபாரிசும் பார்ப்பதிலும் சீட்டு நேர்மையானது என்றே எனக்குப் படுகிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்ததும் சீட்டுப் போட்டுத்தான்.

முப்பது மாதங்களின் பின் பார்த்தபோது, வளர்ந்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் வருமானம் ஓரளவு கூடியிருந்தது. பாடசாலையை விட்ட 16 முதல் 21 வயது வரையான இளையோருக்கு நன்மை எதுவும் தெரியவில்லை. ஐந்தாம் ஆண்டளவில் வளர்ந்தோரின் நன்மையும் உறுதியாகச் சொல்லமுடியாதபடி மங்கிவிட்டதென 1996இல் அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் அறிக்கையிட்டது. பின்வந்த ஆய்வுகள், அந்த 13 வாரக் கணக்குக்கும் நீண்டகாலப் பயனுக்கும் தொடர்பு மிகச் சொற்பம் என்று காட்டின. அலுவலகங்கள் ஊக்கப்பணம் பெற்றது பயனற்ற ஓர் அளவுகோலுக்கு.

ஆய்வு கைக்கு வந்ததும் கொங்கிரஸ் செய்தது என்ன? 1995இல் இளையோருக்கான பணத்தில் மிகப் பெரும் பங்கை வெட்டியது. குறுகிய பயிற்சி உதவவில்லை என்பதே ஆய்வின் முடிவு; அவ்விளைஞருக்கு உதவி தேவையில்லை என்று ஆய்வு சொல்லவில்லை. பயிர் வாடுகிறதென்று கண்டு வாய்க்காலை அடைத்ததுபோல இருந்தது இது.

சான் அன்ரோனியோ மக்கள் வேறு வழியில் போயினர். 1992இல் தொடங்கிய அவர்களின் ‘குவெஸ்ற்’ திட்டம், எந்த வேலைக்கு ஆள் தேவை என்று முதலில் தொழில்கொள்வோரிடம் கேட்டது. தாதியர் போன்ற மருத்துவமனைத் தொழில்களுக்காக, ஓராண்டு, ஈராண்டு, அதற்கும் மேலாக உள்ளூர்க் கல்லூரியில் படிக்க வைத்தது. கட்டணம், போக்குவரத்து, பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றுக்கு உதவியது. கணிதத்தில் பின்தங்கியோருக்கு முதலில் கணிதம் கற்பித்தது. வாரந்தோறும் ஆலோசகருடன் கூட்டம்.

2006 முதல் 2008 வரை விண்ணப்பித்த 410 பேரைச் சீட்டு மூலம் இரு பகுதியாக்கி இத்திட்டத்தையும் ஆராய்ந்தனர். படிக்கும் காலத்தில் குவெஸ்ற் மாணவர் மற்றப் பகுதியினரிலும் குறைவாகவே உழைத்தனர். படித்துக்கொண்டு முழுநேரம் உழைக்க முடியுமா? அந்த வேளையில் அளந்திருந்தால் திட்டம் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து நிலை மாறியது. ஆறாம் ஆண்டில், ஒதுக்கப்பட்டவரிலும் ஏறக்குறைய 5,000 டொலர் கூடுதலாக உழைத்தனர். ஒன்பதாம் ஆண்டிலும் அந்த இடைவெளி மறையவில்லை. எல்லோரும் படிப்பை முடித்தார்கள் என்பதல்ல; இடையில் விட்டவர்களையும் சேர்த்தே இக்கணக்கு.

கொரோனாவால் பல்லாயிரம் பேர் வேலை இழந்திருந்த 2020 கார்த்திகையில், தொழிற்பயிற்சிக்காக விற்பனை வரியில் எட்டில் ஒரு சதத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒதுக்கலாமா என்று அந்நகரத்தாரிடம் வாக்குக் கேட்கப்பட்டது. பங்குகளின் மக்கள் வாக்காளரிடம் ஆதரவு திரட்டினர். வாக்களித்தோரில் நாலில் மூன்று பங்கினர் ஆம் என்றனர்.