கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதியா?

மகளுக்குப் பதினொரு வயது. பேச்சு வரவில்லை, நடக்க முடியாது, குளிப்பாட்டுவது முதல் ஊட்டுவது வரை நீங்கள்தான். இனி மாதவிலக்கும் வரப்போகிறது. "கர்ப்பப்பையை எடுத்துவிடேன்" என்று சொந்தக்காரர் ஒருவராவது சொல்லியிருப்பார்.

பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் போதாதா? போதாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 10ஆம் பிரிவில், பிள்ளைப்பேற்றுத் திறனைப் போக்கும் எந்தச் சிகிச்சைக்கும் அந்த நபரின் சம்மதமே வேண்டும் என்கிறது. 1994இல் புனேயில், அரசு இல்லத்திலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குச் சுத்தத்தைக் காரணம் காட்டிக் கர்ப்பப்பையை எடுத்தபோது நாடே கொந்தளித்தது. புற்றுநோய் போன்ற நோய்க்காக எடுப்பது வேறு விஷயம்.

அப்படியானால் மாதாமாதம் எப்படிச் சமாளிப்பது? ஒன்று கவனியுங்கள்: ஏற்கெனவே டயப்பர் கட்டும் பிள்ளைக்கு அந்த நான்கைந்து நாள் இரத்தமும் டயப்பரோடுதான் போகும். நாப்கினைப் பிடுங்கி எறிகிற பிள்ளை என்றால், வயதுக்கு வருமுன்பே தினமும் சற்று நேரம் வைத்துப் பழக்குங்கள். உள்ளாடையோடு சேர்த்துத் தைத்த மெல்லிய துணி சில பிள்ளைகளுக்கு உறுத்தாது. முதல் ஓரிரு வருடம் நாள் தவறி வருவது இயல்பு. அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து அறுவைக்கு ஓடாதீர்கள்.

உதிரப்போக்கு அதிகமா, வலியில் துடிக்கிறாளா? ஹார்மோன் (உடலே சுரக்கும் ஊக்கிநீர்) மருந்துகளால் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தியும் வைக்கலாம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்பதே இதன் பெரிய வசதி. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் ஹார்மோன் மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும்.

வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு: யாராவது அவளைக் கெடுத்துவிட்டால்? அறுவை தடுப்பது கர்ப்பத்தை மட்டும்தான், அந்தக் கொடுமையை அல்ல. பேச முடியாத பிள்ளைக்கு நடந்ததை வெளியே காட்டிக்கொடுக்கும் ஒரே தடயத்தையும் அது அழித்துவிடலாம். அவளை யாரிடம், எந்த நேரத்தில் தனியாக விடுகிறோம் என்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

உங்கள் இடுப்புவலியும் தூக்கமின்மையும் பொய்யில்லை. அவற்றை டாக்டரிடம் மறைக்காதீர்கள், ஆனால் மகளின் நோயாகச் சொல்லாதீர்கள். "இந்த அறுவையால் அவளுக்கு என்ன வலி குறைகிறது?" என்று நேராகக் கேளுங்கள்.

பதினெட்டு முடிந்தபின்? பெற்றோர் என்பதாலேயே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இருப்பதாலேயே இந்த அறுவைக்கு அனுமதி கிடைத்துவிடாது. அதைக் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.