எத்தனை லட்சத்துக்குப் பாலிசி எடுப்பது?

ஆயுள் காப்பீடு என்றதும் நம்மில் பலர் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு கட்டணும்?" என்பதைத்தான். கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். நான் இல்லாமல் போனால் வீட்டுக்கு எவ்வளவு தேவை?

கோவையில் மாதம் 45,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவர். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அவருடைய சொந்தச் செலவு போக வீட்டுக்கு மாதம் 30,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 3.6 லட்சம். 6 சதவீத வட்டியில் அந்தத் தொகை வர, வங்கியில் 60 லட்சம் கிடக்க வேண்டும். வீட்டுக் கடன் பாக்கி 15 லட்சம், பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 15 லட்சம். ஆக 90 லட்சம். பி.எஃப்., சேமிப்பு இருந்தால் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விலைவாசி ஏறும். வட்டி கூடவே ஏறாது. அதனால் இவருக்கு ஒரு கோடிக்குக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

இவர் கையில் 5 லட்சத்துக்கு ஓர் எண்டோமென்ட் பாலிசி மட்டும் இருந்தால்? போனஸை விட்டுப் பார்த்தால், 17 மாத வீட்டுச் செலவுக்குக்கூட அது காணாது.

இந்த இடைவெளியை நிரப்ப டேர்ம் பாலிசிதான் வழி. கெடு முடியும்வரை உயிரோடு இருந்தால் சாதாரண டேர்மில் கட்டிய பணம் திரும்ப வராது. "வீண்தானே" என்று பலர் தயங்குவது அதனால்தான். திருப்பித் தர வேண்டியதில்லை என்பதால்தான் குறைந்த பிரீமியத்துக்கு இவ்வளவு பெரிய தொகை கிடைக்கிறது. பிள்ளைகள் தலையெடுத்து, கடனும் அடையும்வரை அது இருந்தால் போதும். கம்பெனி தரும் குரூப் இன்சூரன்ஸை நம்பி இருந்துவிடாதீர்கள். வேலையை விட்டால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். மனைவியின் சம்பளத்திலும் வீடு ஓடுகிறதென்றால் அவர் பேரிலும் தனியாக எடுங்கள்.

விண்ணப்பத்தில் சர்க்கரை நோயையோ பீடி, சிகரெட் பழக்கத்தையோ மறைக்கவே கூடாது. "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்று ஏஜென்ட் சொன்னாலும் எழுதுங்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, முதல் 3 ஆண்டுகளுக்குள் இப்படி மறைத்ததைக் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியும். அப்போது ஆபீஸ் ஆபீஸாக அலையப்போவது உங்கள் மனைவிதான்.

கடன் வாங்கித் தொழில் செய்யும் ஆண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால், அந்தப் பணம் மனைவி மக்களுக்கே சேரும். பொதுவாகக் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்; பிறகு சேர்க்க முடியாது.